அவர் விடமாட்டார்

1

விசா புதுப்பிக்கப் போன இடத்தில், நான் நான்தானா என்று அந்த அதிகாரி அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

கல்யாணமாகி இந்த நாட்டுக்கு வந்து பதினைந்து வருடம் முடிந்த வாரம் அது. என் கணவர் குணா மலேசியக் குடிமகன். நான் இன்னும் இந்தியக் கடவுச்சீட்டுக்காரி. ஆகவே அவ்வப்போது குணா என்னைக் குடிநுழைவு அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், ‘இவள் இன்னும் என் மனைவிதான்’ என்று கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்தின் மேல்தான் நான் இங்கே குடித்தனம் நடத்துகிறேன்.

கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் கடவுச்சீட்டுப் படத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள். அது என் மகள் தர்ஷினி பாலர் பள்ளியில் சேர்ந்த வருடம் எடுத்த படம்.

“இனி சியாப்பா?” என்றாள். இது யார்?

“சாயா லா,” என்றேன். நான்தான்.

“உங்கள் தங்கையா?” என்று மலாயில் கேட்டாள். கேலி இல்லை. நிஜமாகவே கேட்டாள்.

நான் பெருத்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும். ‘பெசார்’ என்றால் பெரிது என்று தெரியும். தைரியமாக, “சாயா சுடா பெசார்” என்றேன். அவள் ஒரு கணம் விழித்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு, “தஹ்னியா” என்று வாழ்த்துச் சொன்னாள். வெளியே வந்த பிறகு தர்ஷினிதான் தொலைபேசியில் விளக்கினாள்: நான் சொன்னதற்கு ‘நான் வளர்ந்து பெரியவளாகிவிட்டேன்’ என்று அர்த்தமாம்.

கைரேகை ஒத்துப்போனதால் விசா கிடைத்துவிட்டது. வேறு படம் எடுத்து ஒட்டினார்கள். காரில் குணா வாய் திறக்கவில்லை. சுங்கைப் பட்டாணி தாண்டி, பீடோங் சமிக்ஞை விளக்கில் நின்றபோது, இவ்வளவு தூரமும் யோசித்துக் கோத்த வாக்கியம் போல, “ஒனக்கென்ன, நல்லாத்தான் இருக்க,” என்றார். அதைக் கேட்டதும்தான் எனக்கு அழுகை வந்தது.

2

லால்குடியிலிருந்து நான் கிளம்பியபோது ஒல்லி. என் அண்ணன் என்னைக் குடைக்கம்பி என்பான். நாங்கள் இருக்கும் கெடா மாநிலம் இந்த நாட்டின் நெற்களஞ்சியம். பெண்டாங் பக்கம் போனால் கண்ணுக்கு எட்டிய வரை வயல். இந்த மாநிலத்தில் இருந்துகொண்டு சோறு வேண்டாம் என்றால் யாருக்கும் புரியாது. காலையில் தேங்காய்ப்பாலில் வெந்த நாசி லெமாக், மதியம் சோறு, சாயங்காலம் வாழைப்பழப் பலகாரம், இரவு மறுபடி சோறு. யாரும் என்னை வற்புறுத்தவில்லை. நானேதான் வளர்ந்து பெரியவளானேன்.

உடற்பயிற்சித் திட்டத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தது தர்ஷினி. இடைநிலைப் பள்ளியில் படிக்கிறாள். பள்ளியில் மலாய், தோழிகளோடு ஆங்கிலம், அப்பாவோடு இந்த ஊர்த் தமிழ். என்னோடு பேச மூன்றிலும் மிச்சமிருப்பதைக் கொடுப்பாள்.

“அம்மா, இது உங்க இந்தியாக்காரரு. நீங்க பேசுற மாதிரியேதான் பேசுறாரு. மத்தவங்க சொன்னா உங்களுக்குப் புரியாது லா,” என்று தொலைக்காட்சியில் இணைத்துக் கொடுத்தாள். வீட்டிலிருந்தபடியே தீவிரப் பயிற்சி, கூடவே உணவுத் திட்டம். ஒவ்வொரு வேளையும் தட்டைப் படம் எடுத்து அனுப்பினால், மெட்ராஸில் ஓர் உதவியாளர் பெண் பார்த்துப் பதில் போடுவாள்.

பயிற்சியாளர் முறுக்கேறிய மனிதர். பனியனில் இருந்தார். ஆரம்பத்தில் ‘வணக்கம் சகோதரி’ என்று பணிவாகக் கும்பிட்டார். அதற்குப் பிறகு அந்த மரியாதை எங்கே போனதென்று தெரியவில்லை.

“விழு! எழு! விழு! எழு! என்ன, வலிக்குதா? வலிக்கட்டும்!”

தரையில் படுத்து, எழுந்து, குதித்து, மறுபடி படுக்க வேண்டும். முதல் நாள் விழுவதோடு நிறுத்திக்கொண்டேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தத் திட்டு எனக்குப் பிடித்திருந்தது. பதினைந்து வருடமாக யாரும் என்னை என் ஊர்த் தமிழில் திட்டியதில்லை. இங்கே எல்லாரும் மரியாதையாக, “பசியாறிட்டீங்களா?” என்று காலைச் சாப்பாட்டை விசாரிப்பார்கள். முதல் முறை கேட்டபோது, பசி எனக்கு எப்போது வந்தது என்று குழம்பி நின்றிருக்கிறேன். இந்த மனிதர் என்னடாவென்றால் என் அண்ணன் மாதிரியே கத்தினார். நானும் வீட்டில் யாரும் கேட்கவில்லை என்கிற தைரியத்தில் அவருக்குப் பதில் கத்துவேன்.

3

யாரும் கேட்கவில்லை என்று நினைத்ததுதான் தப்பு.

எங்கள் வீடு சுங்கை லாலாங்கில், வரிசை வீடுகளில் ஒன்று. பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரே சுவர். அந்தப் பக்கம் முனியாண்டி அண்ணனும் லெட்சுமி அக்காவும். கணவன் மனைவி இருவரும் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர்கள். முதலாளிகள் தோட்டத்தை விற்று அங்கே வீடு கட்டியபோது, லயம் என்கிற தோட்டத்து வரிசைக் குடியிருப்பில் பக்கத்து வீட்டில் இருந்த குணாவின் குடும்பமும் அவர்களும் இங்கேயும் பக்கத்து வீடாகவே வந்துவிட்டார்கள். பலகைச் சுவர் போய்ச் செங்கல் சுவர் வந்ததே தவிர, ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் கேட்பது மாறவில்லை. இந்தப் பக்கம் காக் சைத்தோன் என்ற மலாய் அம்மா. காக் என்றால் அக்கா.

குணா சுங்கைப் பட்டாணியில் கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை. காலையில் தர்ஷினி பள்ளி வேனில் ஏறியதும் அவருடைய மோட்டார் சைக்கிள் வந்து நிற்கும். குளித்து, சாப்பிட்டு, தொழிற்சாலையில் கொடுக்கும் ஆரஞ்சு நிறக் காதடைப்பானை இரண்டு காதிலும் திணித்துக்கொண்டு படுத்துவிடுவார். பிறகு அவர் தலைமாட்டில் மேளம் வாசித்தாலும் எழுந்திருக்க மாட்டார். அவருக்குச் சாப்பாடு வைத்து முடித்த கையோடு நான் பயிற்சியைத் தொடங்குவேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து இதைக் கேட்டுப் பாருங்கள். மோட்டார் சைக்கிள் வருகிறது. கதவு சாத்துகிறது. சற்று நேரத்தில் ‘தொம், தொம்’ என்று தரை அதிர்கிறது. ஓர் ஆண் குரல், “விழு! எழுந்திரு! அழறியா? அழு!” என்கிறது. ஒரு பெண், “ஐயோ, முடியல!” என்கிறாள்.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது.

4

இரண்டாவது வாரத்தில் லெட்சுமி அக்கா வேலி ஓரம் என்னை நிறுத்தினார். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கை தோளுக்கு மேல் போகவில்லை. தொடை வலியில் வாத்து மாதிரி நடந்தேன்.

“ஏன்மா, ஒடம்பு சரியில்லையா?” என்றார், வழக்கத்துக்கு மாறான மெல்லிய குரலில்.

“ஒண்ணுமில்லக்கா. காலையில கொஞ்சம் கஷ்டமாயிடுது.”

“தெனமுமா?”

“ஞாயித்துக்கிழமை மட்டும் விட்டுடுவாரு.”

அக்கா வேலியைப் பிடித்துக்கொண்டார். “முடியலன்னு சொல்ல வேண்டியதுதான?”

“சொன்னா கேக்கவே மாட்டாருக்கா. அழுதா, அழு அழுன்னு இன்னும் ரெண்டு பங்கு பண்ண வைப்பாரு. அவரு விடமாட்டாரு. ஆனா எல்லாம் என் நல்லதுக்குத்தான்னு எனக்கே தோணுது.”

நான் பயிற்சியாளரைத்தான் சொன்னேன். அதற்கு முந்தின வாரமே தொலைக்காட்சியில் பயிற்சி செய்கிறேன் என்று அக்காவிடம் சொல்லியிருந்ததாக எனக்கு ஞாபகம். சொல்லவில்லை போலிருக்கிறது. நம் தமிழில் கல்யாணமான ஒருத்தி பெயர் சொல்லாமல் ‘அவரு’ என்றால், உலகத்திலேயே அது ஒரே ஓர் ஆளைத்தான் குறிக்கும் என்பது எனக்கு அந்த நேரத்தில் உறைக்கவில்லை.

அக்காவின் கண் கலங்கியது. என் வலிக்காக ஒருத்தர் இவ்வளவு இளகுகிறாரே என்று எனக்கும் கலங்கியது.

மறுநாளிலிருந்து சாப்பாடு வரத் தொடங்கியது. வேலி வழியாக அப்பம், ஆட்டுக்கறி, பாயசம். இந்தப் பக்கமிருந்து காக் சைத்தோனின் வறுத்த கோழி, நாசி லெமாக். கோலா கெடா மீன் சந்தைக்கு முனியாண்டி அண்ணன் போய்வந்தால் எனக்கென்று தனியாக மீன் பொரித்து வந்தது. தட்டைக் கொடுத்துவிட்டுப் போகவும் மாட்டார்கள்.

“இங்கயே, என் முன்னாடி சாப்டு. உள்ள கொண்டு போனா ஒனக்குக் கெடைக்குமோ என்னமோ,” என்றார் லெட்சுமி அக்கா.

அதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்தபடியே நின்று சாப்பிட்டேன். திட்டத்தின் நேர்மைக்காக அதையும் படம் எடுத்து அனுப்பினேன். மெட்ராஸிலிருந்து பதில் வந்தது: “சகோதரி, ஓட்ஸ் கஞ்சிக்குப் பக்கத்தில் இருப்பது என்ன?”

“பாயசம்.”

“யார் கொடுத்தது?”

“பக்கத்து வீட்டில்.”

“அவர்களுக்கு உங்கள் மேல் ஏதாவது கோபமா?”

எடை குறையவில்லை; கூடியிருந்தது. அதைப் பார்த்துவிட்டு அந்தப் பெண் என்னைத் தீவிரமான அடுத்த கட்டத்துக்கு மாற்றினாள். அதில் குதிப்பு இரண்டு மடங்கு. சத்தமும் இரண்டு மடங்கு. சத்தம் கூடக் கூடச் சாப்பாடும் கூடியது. சாப்பாடு கூடக் கூட நான் இன்னும் உயரமாகக் குதித்தேன்.

5

முகத்தில் அடிபட்டது மூன்றாவது வாரம். முன்கையை ஊன்றி உடம்பைப் பலகை மாதிரி நீட்டி நிற்க வேண்டும். கை வழுக்கி, கன்னம் மேசைக் காலில் மோதியது. மறுநாள் கண்ணுக்குக் கீழே கத்தரிக்காய் நிறம்.

காக் சைத்தோன் வாசலில் பார்த்துவிட்டார். கெடா மலாயில் ‘ஏன்’ என்பதற்கு ‘அவாட்’ என்பார்கள். “யா அல்லா! அவாட் மூக்கா ஹாங்?” என்றார். உன் முகத்துக்கு என்ன ஆச்சு என்கிறார். மூக்கா என்றால் முகம். பதினைந்து வருடம் ஆகியும் அந்தச் சொல்லைக் கேட்டால் என் கை மூக்குக்குத்தான் போகும். மூக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். அவர் என்னை இன்னும் பரிதாபமாகப் பார்த்தார்.

தினமும் காலையில் உடற்பயிற்சி செய்ய வேண்டியிருக்கிறது என்று சொல்ல முயன்றேன். உடற்பயிற்சிக்கு மலாயில் என்ன சொல் என்பது மறந்துவிட்டது. ஆகவே மிச்சத்தை மட்டும் சொன்னேன்: “தியாப் தியாப் பாகி, சாயா கெனா.”

‘கெனா’ என்றால் ‘செய்ய வேண்டும்’. இதை நான் சரியாகத்தான் படித்து வைத்திருந்தேன். எதைச் செய்ய வேண்டும் என்று சொல்லாமல் ‘கெனா’வை மட்டும் நிறுத்தினால் ‘எனக்கு அடி விழுகிறது’ என்று ஆகிவிடும் என்பதை என் புத்தகம் சொல்லவில்லை. தினமும் காலையில் எனக்கு அடி விழுகிறது என்று, வீங்கிய கன்னத்தோடு, சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன்.

காக் சைத்தோன் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, “சாபார்,” என்றார். பொறு.

“பொறுத்துக்கிட்டா இளைச்சிடுவேன்,” என்று நான் அரைகுறை மலாயில் பதில் சொன்னேன்.

6

இதே நாட்களில் குணாவுக்கு வேறொரு வாழ்க்கை நடந்துகொண்டிருந்தது.

அவர் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. கரப்பான்பூச்சியைக்கூட முறத்தில் ஏந்தி வெளியே விடுகிற ஆள். ஒரு வெள்ளிக்கிழமை கோவிலிலிருந்து வந்தவர், செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“என் மேல என்னாமோ கோவம் எல்லாருக்கும்,” என்றார்.

“யாருக்கு?”

“தெரியல. பூசாரி திருநீறு கொடுக்கறப்ப மூஞ்சியத் திருப்பிக்கிறாரு. கோப்பிக் கடையில நான் போய் ஒக்காந்தா, பக்கத்துல இருக்கறவங்க எழுந்து போறாங்க. முனியாண்டி அண்ணே நேத்து என்னப் பாத்துட்டு, எச்சி துப்பிட்டுப் போறாரு லா.”

“எச்சி வந்திருக்கும்.”

“என்னப் பாத்ததும் ஏன் வருது?”

அவர் இரவெல்லாம் வேலையில் யோசித்து, காலையில் ஒரு காரணத்தோடு வந்தார். மோட்டார் சைக்கிளை முனியாண்டி அண்ணன் வீட்டுக் கேட்டுக்குச் சற்று முன்னால் தள்ளி நிறுத்துகிறோம், அதுதான் கோபம். அன்று முதல் வண்டியைத் தெருக்கோடியில் நிறுத்திவிட்டு நடந்து வந்தார். எங்கள் வீட்டு வரிசையே அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தது என்று பிறகு தெரிந்தது: சத்தமில்லாமல் வந்து என்னைத் திடீரென்று பிடிப்பதற்காகவாம்.

தர்ஷினியும் ஒருநாள் பள்ளியிலிருந்து வந்ததும் என்னை உற்றுப் பார்த்தாள். “அம்மா, யூ ஓகே தானே? என் ஃப்ரெண்டோட அம்மா கேக்கச் சொன்னாங்க. பிஸ்கட்டும் கொடுத்தாங்க.”

“எக்சர்சைஸ் தாண்டி பண்றேன்னு சொல்லு.”

“சொன்னேன். ‘ஆமா, ஆமா, அப்படித்தான் சொல்லுவாங்க’ன்னு என் தலையத் தடவுறாங்க. மலு லா அம்மா.” மலு என்றால் வெட்கக்கேடு. அவளிடம் என்னைப் பற்றி அதிகம் புழங்கும் சொல்.

அப்போதாவது நான் விழித்திருக்க வேண்டும். அவர்களுக்கு என் எடை ஒரு கவலையாகிவிட்டது போல என்று நினைத்து, பிஸ்கட்டைப் படம் எடுத்தேன்.

7

அந்தத் திங்கட்கிழமை அதிகபட்சத் தீவிரம் கொண்ட நாள் என்று திட்டம் சொன்னது. குணா தூங்கப் போய்விட்டார். நான் விழுந்தேன், எழுந்தேன், விழுந்தேன். ஒரு கட்டத்தில் எழ முடியவில்லை. கன்னம் தரையில் ஒட்டிக்கொண்டது.

“எழுந்திரு! என்ன நடிப்பா?” என்று பயிற்சியாளர் கத்தினார். “எழுந்திருக்கலன்னா இன்னும் இருபது!”

“சாமி, முடியல! என்னை விட்டுடுங்க!” என்று அலறினேன். விளையாட்டாகத்தான். பாதி விளையாட்டாக.

கிரில் கதவு பூட்டாமல் இருந்தது. அது சுவரில் மோதித் திறந்த வேகத்தில் மாட்டியிருந்த நாட்காட்டி கீழே விழுந்தது. முதலில் லெட்சுமி அக்கா, கையில் விளக்குமாற்றோடு. பின்னால் கைலி கட்டிய முனியாண்டி அண்ணன், வெறுங்கையோடு. கடைசியாகக் காக் சைத்தோன், போலீஸ் எண்ணை அழுத்தி, விரலைப் பச்சைப் பொத்தான் மேல் தயாராக வைத்துக்கொண்டு. நான் குப்புறக் கிடந்தேன். பேச மூச்சில்லை. கையை மட்டும் ஆட்டினேன். அதை அவர்கள் உதவி கேட்பதாக எடுத்துக்கொண்டார்கள்.

“எங்கடா அவன்?” என்று முனியாண்டி அண்ணன் நேராகப் படுக்கையறைக்குள் பாய்ந்தார்.

குணா சுவரைப் பார்த்து ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அண்ணன் அவர் பனியனைப் பிடித்துத் தூக்கி உட்கார வைத்தார். “கட்டுனவளப் போட்டு அடிச்சுட்டுத் தூங்குற மாதிரி நடிக்கிறியாடா?”

“ஆ?” என்றார் குணா. காதில் அடைப்பான்.

“என்னாடா ஆ? நாடு விட்டு நாடு வந்த பொண்ணுடா!”

“ஆ? என்னாண்ணே?”

ஓர் அறை விழுந்தது. ஹாலுக்கே கேட்டது.

அதே நேரம், “சூப்பர்! இன்னும் பத்துதான்! விழு!” என்று அந்தக் குரல் கத்தியது. முனியாண்டி அண்ணன் ஓங்கிய கையோடு நின்று குணாவின் வாயைப் பார்த்தார். வாய் மூடியிருந்தது. “எழு!” என்றது குரல். வாய் அப்போதும் மூடித்தான் இருந்தது.

அண்ணன் குணாவின் பனியனை விடாமல், அவரையும் இழுத்துக்கொண்டு மெதுவாக ஹாலுக்கு வந்தார். நாலு பேரும் தொலைக்காட்சியைப் பார்த்தார்கள். பயிற்சியாளர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நல்லது சகோதரி. நாளைக்கும் இதே அன்போட சந்திப்போம்,” என்று கும்பிட்டார்.

“சியாப்பா டியா நி?” என்றார் காக் சைத்தோன். யார் இவன்?

லெட்சுமி அக்கா விளக்குமாற்றால் தொலைக்காட்சியைக் காட்டினார். “இவந்தான் ஒன்னோட ‘அவரா’?”

ஆமாம் என்று தலையாட்டினேன். குணா அப்போதுதான் காதிலிருந்து அடைப்பானை எடுத்தார். கன்னத்தில் அண்ணனின் விரல்கள் பதிந்திருந்தன. மூச்சு வாங்க வாங்க எல்லாவற்றையும் தமிழிலும் மலாயிலும் மாற்றி மாற்றிச் சொன்னேன். காக் சைத்தோன்தான் முதலில் சிரித்தார். பிறகு லெட்சுமி அக்கா தரையில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார். நானும் சிரித்தேன், விலா வலித்தது. குணாவும் சிரித்தார்.

“எல்லாரும் கோப்பி குடிச்சிட்டுப் போங்க,” என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனார். கதவைச் சாத்திக்கொண்டார். சத்தமில்லாமல்தான் சாத்தினார். ஆனால் தாழ்ப்பாள் போடும் ஒலி கேட்டது. எங்கள் அறைத் தாழ்ப்பாளை நாங்கள் பயன்படுத்தியதே இல்லை.

8

செய்தி வரிசை முழுக்கப் பரவி, கோவில் வரை போய், சிரிப்பாக மாறிவிட்டது. பூசாரி குணாவுக்கு எலுமிச்சம்பழத்தோடு மாலையே கொடுத்தனுப்பினார். நான் ஒலியைக் குறைத்து வைத்துப் பயிற்சியைத் தொடர்ந்தேன். லெட்சுமி அக்காவும் காக் சைத்தோனும் சில நாள் கோப்பியோடு வந்து உட்கார்ந்து, நான் விழுந்து எழுவதை வேடிக்கை பார்த்தார்கள். வேலி வழியாகப் பாயசம் வருவது நின்றதும், எடை தானாகக் குறையத் தொடங்கியது. பழைய சுடிதார் இரண்டு உள்ளே போகின்றன. மூன்றாவதுக்குள் போய்விட்டேன், வெளியே வர தர்ஷினி உதவ வேண்டியிருந்தது.

குணா மட்டும் தேறவில்லை. வேலைக்குப் போனார், வந்தார், தூங்கினார். கோவிலுக்கும் கோப்பிக் கடைக்கும் போகவில்லை. முனியாண்டி அண்ணன் வாசலில் நின்றால் பின்வாசல் வழியாகப் போனார்.

“தெரியாம நடந்ததுங்க. அதுக்கு இவ்வளவா?” என்றேன்.

“அடிச்சது பெருசில்ல. அண்ணே அடிக்கலாம்.” காதடைப்பானை விரலால் உருட்டிக்கொண்டே சொன்னார்: “எல்லாரும் ஒடனே நம்பிட்டாங்க பாரு. சின்னப் புள்ளையில இருந்து என்னத் தெரியும். ஒருத்தர்கூட வந்து, ‘குணா, அப்படியா?’ன்னு கேக்கல.”

எனக்குள் இருந்ததை அவரிடம் எப்படிச் சொல்வது? இந்த ஊரில் என்னைப் போல இந்தியாவிலிருந்து வந்தவளை ‘ஊர்க்காரி’ என்பார்கள். பதினைந்து வருடமாக நான் ஒன்றை உறுதியாக நம்பியிருந்தேன். எனக்கும் இவருக்கும் ஏதாவது என்றால், இவர்கள் எல்லாரும் தோளில் தூக்கி வளர்த்த அவர்கள் பிள்ளை பக்கம்தான் நிற்பார்கள். என் அண்ணன் வீடோ கடல் தாண்டி. ஆனால் விளக்குமாறு என் பக்கம்தான் வந்தது. அவர் உடைந்து உட்கார்ந்திருந்த அதே நாட்களில் நான் ரகசியமாகச் சந்தோஷமாக இருந்தேன். துணி மடிக்கும்போது அது நினைவுக்கு வந்து சிரிப்பேன். அவர் வரும் சத்தம் கேட்டால் முகத்தை மாற்றிக்கொள்வேன்.

ஒரு மாலை, குணா வேலைக்குக் கிளம்பும் முன் லெட்சுமி அக்காவும் முனியாண்டி அண்ணனும் முன்வாசல் வழியாகவே வந்துவிட்டார்கள். அண்ணன் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து கை விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, அண்ணே சரியாத் தூங்குறதே இல்ல லா,” என்றார் அக்கா. “ஒன்னக் கேக்காமப் பாஞ்சது தப்பு. ஆனா எதுக்குப் பாஞ்சோம்னு ஒனக்குத் தெரியணும்.”

குணா நின்றபடியே இருந்தார்.

“ஒங்கப்பா இருந்த காலத்துல...” என்று தொடங்கிவிட்டு அக்கா என்னைப் பார்த்தார். மாமனாரை நான் பார்த்ததில்லை. கல்யாணத்துக்கு முன்பே இறந்துவிட்டார். அவரைப் பற்றிக் குணா நல்லதும் சொன்னதில்லை, கெட்டதும் சொன்னதில்லை. “லயத்துல பலகைச் சுவருதான. ஒங்கம்மா சத்தம் எங்களுக்குக் கேக்கும். அண்ணே எழுந்திரிப்பாரு. நாந்தான் கையப் புடிச்சு ஒக்கார வைப்பேன். குடும்ப விசயம் லா, நாம போகக் கூடாதும்பேன். அவ போய்ச் சேர்ற வரைக்கும் நாங்க போகவே இல்ல. இப்ப செவுத்துக்கு அந்தப் பக்கம் மறுபடி அதே சத்தம். அப்பன் மாதிரியேன்னு...” அவரால் முடிக்க முடியவில்லை.

“எனக்கும் அந்தச் சத்தம் தெரியும்க்கா,” என்றார் குணா.

அவர் குரல் சாதாரணமாகவே இருந்தது. வேலைப் பையைக் கீழே வைத்தார்.

“நான் கட்டிலுக்கு அடியில படுத்துக்கிட்டு ஒங்க வீட்டுச் செவுரத்தான் பாத்துக்கிட்டு இருப்பேன். அப்பா அடிக்க ஆரம்பிச்சதும் ஒங்க வீட்டு ரேடியோ நின்னுரும். அப்ப நெனப்பேன், அவங்களும் கேக்குறாங்க. இப்ப வந்துருவாங்கன்னு.”

முனியாண்டி அண்ணனின் கை நாற்காலிப் பிடியை இறுகப் பற்றியிருந்தது.

“வந்துட்டீங்க,” என்றார் குணா. “கொஞ்சம் லேட்டு லா.”

அண்ணனிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று எனக்குப் புரியவில்லை, அவருக்கே புரிந்திருக்காது. குணா போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அன்று வேலைக்குத் தாமதமாகத்தான் போனார்.

“பசியாற ஏதாச்சும் கொண்டா,” என்றார் என்னிடம்.

வீட்டில் இருந்தது உணவுத் திட்டத்துக்காக நான் அவித்து வைத்த கொண்டைக்கடலை மட்டும்தான். உப்பில்லை, தாளிப்பில்லை, தேங்காயின் வாசனைகூட இல்லை. ஒரு கிண்ணத்தில் போட்டு நடுவில் வைத்தேன். மூன்று பேரும் ஆளுக்கொரு பிடி எடுத்து, மென்று, ஒருவரையொருவர் பார்க்காமல், ஒரு குறையும் சொல்லாமல் கடைசிக் கடலை வரைக்கும் தின்று தீர்த்தார்கள்.